இலையைப் பார்த்து வளர்த்த கரட்

நான் கவ்வாத்துக்காரன். வயசான தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது என் வேலை. என் மனைவி கொழுந்து எடுக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் செடி என்றாலே இலைதான். இலை கரும்பச்சையாக நின்றால் செடி சுகமாக இருக்கிறது, மஞ்சளடித்தால் ஏதோ குறை. வேர் எப்படி இருக்கிறது என்று நாங்கள் குனிந்து பார்த்ததில்லை. செத்த செடியைப் பிடுங்கும்போதுதான் வேர் கண்ணில் படும்.

இந்தப் பழக்கத்தோடுதான் மரக்கறி போட இறங்கினேன். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தேயிலை பட்டுப்போன ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதைத் திருத்தலாம் என்று முதலில் சொன்னவள் என் மனைவிதான். ஒரு போகம் ஒழுங்காக விளைந்துவிட்டால் கொழுந்தெடுக்க மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு இதையே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். முழங்கால் முடியவில்லை என்றும் சொன்னாள். நான் காதில் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை. லயத்தில் முழங்கால் வலிக்காதவர் யார்? தினமும் மாலையில் அவள் வந்ததும், "இன்னைக்கு எத்தன கிலோ?" என்று கேட்பேன். அவள் சொல்லும் கிலோ குறைந்ததே இல்லை. கிலோ குறையாதவளுக்கு அப்படி என்ன வருத்தம் என்று இருந்துவிட்டேன்.

பாதி நிலத்தில் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ், பாதியில் கரட். லீக்ஸ் அவள் ஆசை, கரட் என் பைத்தியம். பட்டிப்பொல பக்கம் ரயிலில் போகும்போது, ஓடைத் தண்ணீரில் குவியல் குவியலாகக் கரட் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். மண்ணுக்குள் இருந்து அப்படி ஒரு நிறம் வருவது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

விதையிலேயே இரண்டும் வேறு வேறு. லீக்ஸ் விதை கறுப்பு, உடைந்த கரித்துண்டு மாதிரி மூலை மூலையாக இருக்கும். கரட் விதையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் கரட்டின் வாசமே வருகிறது. இவ்வளவு சின்ன விதைக்குள் அந்த வாசம் எங்கே இருக்கிறது என்று முகர்ந்து முகர்ந்து பார்த்து, பாதி விதையை மூச்சிலேயே பறக்கவிட்டேன். தேயிலை நாற்றுக்குச் செய்வது போலவே ஒரு மேடை கட்டி, இரண்டையும் விதைத்து, மேலே பன்னம் என்கிற பெரணித்தழையால் நிழல் போட்டேன். லீக்ஸ் முளை ஊசிக்காது போல வளைந்து வெளியே வந்து, பிறகு மெல்ல நிமிர்ந்தது. கரட் வரவே இல்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் திட்டி முடித்த பிறகுதான் அது தலைகாட்டியது.

நாற்றுப் பிடுங்கி நடுகிற நாள் வந்தது. அவள் லீக்ஸ் நாற்றைக் கத்தை கத்தையாகப் பிடித்து, வேரிலும் கொஞ்சம் நறுக்கினாள், தலையிலும் கொஞ்சம் நறுக்கினாள். குச்சியால் துளை போட்டு ஒவ்வொன்றாக இறக்கினாள். மண்கூட மூடவில்லை, தண்ணீரை மட்டும் ஊற்றினாள். நான் பதறினேன். ஆனால் அது பிழைத்துக்கொண்டது. கவ்வாத்தைத் தாங்குகிற செடி என்றதும் எனக்கு அதன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. கரட்டை நான் அப்படி விடவில்லை. ஒவ்வொரு நாற்றாக, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, சாண் அளந்து நட்டேன். ஒரு வாரம் துவண்டு கிடந்து பிறகு எழும்பியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

உரம் தேயிலை உரம்தான். வேறென்ன தெரியும் எங்களுக்கு? லீக்ஸ் போடப் போடத் தின்றது. அது வளர வளர அவள் இரண்டு பக்கமும் மண் அணைத்துக்கொண்டே வந்தாள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். தண்டு என்று நாம் சமைக்கிற வெள்ளைப் பகுதி தண்டே இல்லை. ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்ட இலைகள்தான், மண்ணுக்குள் வெளிச்சம் படாமல் வெளுத்திருக்கின்றன. கரட்டோ மேலே மேலே போனது. இலை தொடை உயரத்துக்கு நின்றது. லயமே வந்து பார்த்தது. கங்காணிகூட நின்று, நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் மட்டும் ஒருநாள், "ஏங்க, எலையத்தான் விக்கப் போறீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

வியாபாரியின் லொறி வருகிற அன்று காலையில் அவள்தான் முதல் கரட்டைப் பிடுங்கினாள். கால் இரண்டாகப் பிரிந்து, உடம்பெல்லாம் மயிர்வேரோடு வந்தது. அடுத்ததற்கு மூன்று கால். அதற்கடுத்தது கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தது. வரிசை முழுக்க அப்படித்தான். வியாபாரி லீக்ஸை எடுத்துக்கொண்டார். கரட்டில் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்னும் ஒரு போகம் மலைக்குப் போய்க்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தே ஆக வேண்டும். தோட்டத்து எல்லைக்கு அப்பால் ஒரு சிங்களவர் பல வருடமாகக் கரட் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கால் கரட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் அதைப் பார்த்ததும், "மல்லி, பிடுங்கி நட்டாயா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். மல்லி என்றால் தம்பி. கரட் முளைக்கும்போதே ஒரு நூல் வேரை நேராகக் கீழே விட்டுவிடுமாம். அந்த நூல்தான் பின்னால் கரட். அதைப் பிடுங்கினால் நுனி அறுந்துவிடும், அறுந்த இடத்தில் கால் கிளைக்கும். கல் தட்டினாலும் அப்படித்தான். விதைத்த இடத்திலேயே விட்டு, நெருக்கமானதைக் களைந்து போட வேண்டும். நான் போட்ட உரத்துக்கு இலைதான் வரும், கிழங்கு வராது என்றார். லீக்ஸை எங்கே தூக்கி வைத்தாலும் பிழைக்கும், அதற்கு வேண்டியது சாப்பாடும் மண்ணும்தான். கரட்டுக்குச் சாப்பாட்டைவிட, கல்லில்லாத இளகின மண்ணும் தொந்தரவில்லாத இடமும் பெரிது. பிறகு அவர் ஒரு செடியின் அடியில் விரலை விட்டு மண்ணை ஒதுக்கி, இலைக்குக் கீழே தெரிகிற கரட்டின் தோளைக் காட்டினார். அவ்வளவுதான் வேலை. மாதக்கணக்காக அந்த வரிசையில் நின்ற நான் ஒருநாள்கூட விரலை விட்டுப் பார்க்கவில்லை.

அந்த வாரம் எங்களுக்குக் கவ்வாத்து, அவள் கொழுந்தெடுக்கும் மலைக்கு நேர் எதிரே. மத்தியானம் கொழுந்து நிறுக்கப் பெண்கள் இறங்கினார்கள். முதுகில் நிறைந்த சாக்கோடு அவளும் இறங்கினாள். நேராக இறங்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, தேயிலைச் செடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மற்றக் காலை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து இறங்கினாள். ரோட்டுக்கு வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களைப் போலவே நடந்து தராசுக்குப் போனாள். நான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மாலையில் கேட்டேன். "எவ்வளவு நாளா இப்பிடி எறங்குற?"

"ரெண்டு வருசமா."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னேங்க. நீங்க கிலோவத்தான கேட்டீங்க."

இப்போது கரட்டை நேராகப் பாத்தியிலேயே விதைத்திருக்கிறேன். மண் கொத்துகிற இரும்பு முள்ளால் ஆழமாகக் கிளறி, கல் பொறுக்கி, தேயிலை உரத்தை லீக்ஸ் பக்கம் மட்டும் போட்டேன். உயிருள்ள நாற்றைக் களைந்து எறிவது எனக்கு இன்னும் மனசு வராத வேலை. கிளினிக்கில் கொடுத்த உறையை முழங்காலில் மாட்டிக்கொண்டு அவள் இன்னும் மலைக்குத்தான் போகிறாள். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த ஒரு போகத்தைக் கெடுத்தவன் நான்.

நேற்று ஒரு கரட்டின் அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரே தோள், செம்மஞ்சளாக, உருண்டையாக இருந்தது. இன்னும் ஆழமாகத் தோண்டினேன். பிரியாமல் நேராகப் போகிறது. அவள் வருவதைக் கண்டதும் அதைச் சொல்ல ஓடினேன். கிட்டப் போனதும் நின்று, முதுகிலிருந்த சாக்கை வாங்கிக்கொண்டு, முதலில் முழங்காலைக் கேட்டேன்.