தானாகக் கோணிக்குள் போன பூனை

எங்கள் பூனைக்கு வாய் நாறியது எனக்குத் தெரியவே தெரியாது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் குடியிருந்தவளுக்கு எந்த நாற்றம்தான் தெரியும்? சுண்ணாம்புக் குழியில் ஊறும் பச்சைத் தோலின் வாடை எங்கள் சோற்றிலும் தலைமுடியிலும் ஏறியிருந்தது. பூனை மடியில் படுத்துக் கொட்டாவி விட்டால் அதுவும் ஊர்க்காற்று என்றே இருந்துவிட்டேன். சோளிங்கரிலிருந்து வந்த என் நாத்தனார்தான் முதல் நாளே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி இது, பூனை வாயில எலி செத்துக் கெடக்குதா?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு செக்கச்செவேலென்று வீங்கி, பல்லடியில் சீழ் கட்டியிருந்தது. கோரைப்பல் ஒன்று பாதி ஒடிந்திருந்தது. சோற்றை முகர்ந்துவிட்டு அது ஏன் திரும்பித் திரும்பிப் போனது என்று அப்போது புரிந்தது. பூனைக்கு வைத்தியம் என்று யாரிடமாவது போய் நின்றால் சிரிப்பார்கள், அந்தக் காலம் அது.

வழி சொன்னவர் என் வீட்டுக்காரர். தோல் ஷாப்பில் அவருக்குத் தொட்டி வேலை. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் ஊறிய தண்ணீரில் தோலை மிதித்து மிதித்து அவருக்கு முழங்கால் வரை கறை ஏறியிருக்கும். "மாட்டுத் தோலயே இறுக்குது, பூன ஈற இறுக்காதா?" என்று மடியில் கடுக்காயை முடிந்துகொண்டு வந்தார். நான் அதைத் தட்டிக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, பழந்துணியை விரலில் சுற்றி ஈறில் தடவுவேன். அவர் பூனையைக் கோணிப்பைக்குள் விட்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி மடியில் பிடித்துக்கொள்வார். முதலில் இரண்டு பேரையும் பிறாண்டித் தள்ளியது. பிறகு பழகிவிட்டது. மருந்து முடிந்தால் முள் எடுத்த ஏரி மீனைப் பிசைந்த சோறு உண்டே! கோணியை உதறும் சத்தம் கேட்டாலே எங்கிருந்தாலும் ஓடிவந்து தானாக உள்ளே போய் உட்காரும்.

நோய் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். வீக்கம் வடியும், மறுபடியும் வரும். தடவுவதை விட்டால் எச்சில் ஒழுக ஆரம்பித்துவிடும். ஆனால் சாப்பிட்டது. எனக்கு அது போதும். என் தங்கைக்குப் பிரசவம் என்று தாய்வீட்டிலிருந்து ஆள் வந்தபோது எனக்குப் போகவே மனமில்லை. "நான் பாத்துக்க மாட்டனா? பேசாம போய்ட்டு வா" என்று அவரே ஜட்கா வண்டியில் ஏற்றிவிட்டார்.

திரும்பி வந்தபோது பூனை இல்லை. வேலியோரம் ஒரு மண்மேட்டைக் காட்டினார். அதன்மேல் அடையாளத்துக்கு ஒரு கல்லும் வைத்திருந்தார். "கஷ்டப்படல. தூக்கத்துலயே போய்ட்டுச்சி" என்றார். சொல்லும்போது குரல்கூடக் கம்மியது. நான் அந்த மேட்டின்மேல் விழுந்து அழுதேன். பால் தெளித்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார். மற்றதையெல்லாம்கூட விட்டுவிடுவேன், அந்தத் தடவலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அடியில் புகுந்து பூனை வந்தது. காது கிழிந்து, விலா எலும்பு எண்ணும்படி தெரிந்தது. வாயிலிருந்து ரத்தம் கலந்த எச்சில் தொங்கியது. ஒடிந்த அந்தக் கோரைப்பல்லைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

சாயங்காலம் அவர் வாசலில் கால் வைத்ததும் என் மடியைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதர், மறைக்க ஒரு பிடி சோறில்லாமல் நின்றார்.

"சோளிங்கர் அக்காதான் ஒரே பேஜார் பண்ணிச்சி. ஊடே நாறுது, இனிமே வரமாட்டேன்னுச்சி. கொன்னா பாவம். அதான் ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்தேன். ஆத்த தாண்டி வுட்டா திரும்பாதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

சொல்வார்கள்தான். வேண்டாத பூனையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கழித்துவிடுவார்கள். நடுவில் ஆறு இருந்தால் பூனைக்கு வீட்டு வழி மறந்துவிடும் என்பார்கள். எந்த ஆற்றைப் பார்த்துச் சொன்னார்களோ! எங்கள் பாலாற்றில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல்தான்.

"ஆத்துல தண்ணி எங்க இருக்குது?" என்றேன். "எதுல போட்டு எடுத்தும்போனீங்க?"

"கோணியில."

"எப்படிப் புடிச்சீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோணியை உதறியிருப்பார், வேறென்ன. மருந்துக்குத்தான் என்று அது ஓடிவந்து உள்ளே உட்கார்ந்திருக்கும்.

"செத்துடுச்சின்னு அந்த அழுக அழுத. இப்பதான் உசுரோட வந்துட்டுதில்ல, சந்தோஷப்படேன்" என்றார். நான் அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

அதற்குப் பிறகு கோணியை எடுத்தாலே பூனை கூரைமேல் ஏறிக்கொண்டது. கோணி இல்லாமல் நான் மட்டும் போனாலும், துணி சுற்றிய விரலைக் கண்டால் காதை மடக்கிச் சீறியது. துரோகம் செய்தவர் ஒருவர், தண்டனை எனக்கும் சேர்த்து. கெஞ்சிப் பார்த்தேன், மீனைக் காட்டிப் பார்த்தேன், வாயைத் தொடவிடவில்லை. ஈறு அழுகி, கடைசியில் பாலைக்கூட நக்க முடியாமல் போயிற்று.

ஒரு காலையில் நான் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தபோது அவர் வேலியோரம் மண்வெட்டியோடு நின்றிருந்தார். "போய்ட்டுச்சி. நெசமாவே போய்ட்டுச்சி. நீ பாத்தா தாங்கமாட்டியேன்னு பொதைச்சிட்டேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் குடத்தை இறக்கிவைத்தேன். மண்வெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கி அவர் எதிரிலேயே தோண்டினேன். அவர் தடுக்கவில்லை. பூனை இருந்தது. பண்டிகைக்கு உடுத்தும் தன் நல்ல வேட்டியைக் கிழித்து அதில் சுற்றிவைத்திருந்தார். துணியை விலக்கி முகத்தைப் பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடினேன்.

எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பூனைக்காக அழ வேண்டியதையெல்லாம் ஒரு வெறும் மண்மேட்டின்மேல் அழுது தீர்த்திருந்தேன்.