ஸம்பேதாவின் புது முட்டி

கிரேக்க நாட்டின் தினோஸ் தீவில், துறைமுகத்திலிருந்து மாதா கோயிலுக்கு ஏறும் சாலையில் ஸம்பேதா மெழுகுவத்திக் கடை வைத்திருந்தாள். முட்டியில் கட்டிக்கொள்ளப் பஞ்சு உறையும் விற்பாள். ஆகஸ்ட் திருநாளுக்கு வருகிற பக்தர்கள் சாலையோரக் கம்பளத்தில் முட்டி போட்டே கோயில்வரை ஏறுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊரார் முட்டிகளைப் பார்த்தே அவளுக்குப் பொழுது போயிற்று. யார் பாதி வழியில் எழுந்துவிடுவார்கள் என்று வாசலில் உட்கார்ந்தபடியே பந்தயம் கட்டுவாள். தன் முட்டியை மட்டும் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை.

அது வஞ்சம் வைத்துப் பழிவாங்கியது. படியிறங்கினால் கரகரவென்று சத்தம். நாற்காலியிலிருந்து எழுந்தால் உயிர் போகிற வலி. ஒரு நாள் தாங்க முடியாமல் வாய்விட்டு வேண்டிக்கொண்டாள்.

“தாயே, இந்த முட்டிய மட்டும் சரியாக்கிக் குடு. திருநாளுக்கு முட்டி போட்டே வந்து உன்னப் பாக்கிறேன்.”

தினோஸ்காரிக்கு நேர்த்தி என்றால் முட்டிதான். வேறொன்றை நேர்ந்துகொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஏதென்ஸில் அறுவை சிகிச்சை நடந்தது. இளவயது டாக்டர் ஒரு பொம்மை முட்டியை மடக்கி நீட்டிக் காட்டினார்.

“தொடை எலும்போட இந்த ரெண்டு உருண்டையும் கீழெலும்பு மேல உருளணும்மா. நடுவுல பிறை மாதிரி ரெண்டு மெத்தை. உள்ள ரெண்டு நார் குறுக்கும் நெடுக்குமா இழுத்துப் பிடிக்கும். முன்னாடி இருக்கிற சில்லு, கிணத்து ராட்டினம் மாதிரி, தொடைச் சதையோட இழுப்பக் காலுக்குக் கொண்டுபோவும். உங்களுக்கு மெத்தை, வழவழப்பு எல்லாமே தேஞ்சு போச்சு. அதான் உலோகம் வச்சிருக்கேன். நடங்க, படி ஏறுங்க, ஆடக்கூட ஆடுங்க. ரோட்டுல முட்டி மட்டும் போடாதீங்க.”

ஸம்பேதாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அவள் கணவன் நிக்கிதாஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மெழுகுவத்தி விற்ற காசில் சாப்பிட்டாலும் கோயில் வாசலை மிதிக்காத மனுஷன்.

“முழங்கையால வரேன்னு வேண்டியிருக்கலாம்ல?”

“வாய மூடுய்யா.”

நடந்தே வந்தால் போதும் என்றார் பாதிரியார். அவள் மனம் ஒப்பவில்லை. கரகரப்பு போய், படிகளில் குமரிபோல ஏறி இறங்கும்போதெல்லாம் நெஞ்சு உறுத்தியது. வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறவள் ஆகிவிட்டோமே என்ற வெட்கம். திருநாள் காலையில் கடையின் தடிமனான உறைகளாக எடுத்துப் புது முட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்ட ஆரம்பித்தாள்.

நிக்கிதாஸ் வந்து பார்த்தான். உறைகளைப் பிடுங்கித் தன் கால்சட்டைமேல் கட்டிக்கொண்டான்.

“உனக்குத்தான் நம்பிக்கையே இல்லையேய்யா?”

“இப்பவும் இல்ல. இந்த வீட்டுல நாலு முட்டி இருக்கு. அதுல ஒண்ணுதான் புதுசு. அதக் கெடுக்க விடமாட்டேன்.”

வீட்டில் ஒருவர் நேர்ந்ததை இன்னொருவர் செலுத்துவது அங்கே வழக்கம்தான். ஆனாலும் நிக்கிதாஸ் கம்பளத்தில் இறங்கியதும் காப்பிக்கடையே வாசலுக்கு வந்துவிட்டது. “என்னப்பா, சில்லறை தொலஞ்சு போச்சா?” என்றான் ஒருவன். வெயில் ஏறியது. பாதி வழியில் அவன் படகுக்காரர்களின் கெட்ட வார்த்தைகளை எல்லாம் உதிர்த்தான். பக்கத்தில் மெழுகுவத்தியோடு நடந்த ஸம்பேதா மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவனை அவ்வளவு பிரியத்தோடு அவள் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது.

படிகளையும் ஏறி மாதா படத்துக்கு முன்னால் வந்தபின் அவனால் எழ முடியவில்லை. முட்டி மடங்கியபடியே பிடித்துக்கொண்டது. ஸம்பேதா வலது காலை முன்னால் ஊன்றினாள். லேசாக மடக்கி, அவனை அக்குளில் பிடித்துத் தூக்கினாள். இருவர் பாரத்தையும் வாங்கிக்கொண்டு புது முட்டி சத்தமில்லாமல் நிமிர்ந்தது. சுத்தமாக வலிக்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நிக்கிதாஸ் ஒரு காலை நொண்டி நொண்டி வைத்தான். அதைப் பார்த்ததும் ஸம்பேதாவின் மனம் இளகியது. மாதா படத்தின் பக்கம் திரும்பி, “தாயே, இவரோட முட்டிய மட்டும்...” என்று தொடங்கினாள்.

அவன் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினான்.