மலை ஏறும்போது மங்கிய விளக்கு

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே சில வருடங்கள் போய்விட்டன. நோட்டையும் பேனாவையும் எடுத்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பேன். கும்பிட்டுவிட்டு, எழுதாமலே எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். எனக்குப் படிப்பு அதிகமில்லை என்பது ஒரு காரணம். கேட்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிவிடுவார்களே என்ற பயம்தான் பெரிய காரணம்.

என் மனைவிக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு காதும் கேட்காமல் போயிற்று. அதற்கு முன்பெல்லாம் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் முதல் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். போதாததற்கு, சர்க்கரை நோயில் கைகால் மரத்துக்கொண்டே வந்தது.

எங்கள் மகன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போய் வருபவன். ஒரு தடவை திரும்பி வந்தபோது எங்கள் பழைய காரில் பெரிய ஆம்ப்ளிஃபையரும், டிக்கி நிறைய ஸ்பீக்கர் பெட்டியும் மாட்டினான்.

"ரிக்கு ஓடறப்ப காதைப் பொத்திக்கிட்டாலும் சத்தம் நெஞ்சுல இடிக்கும்ப்பா. அம்மாளுக்கும் அப்படித் தெரிஞ்சாலும் தெரியும்," என்றான்.

பக்கத்து வீட்டு மச்சான் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங் மாப்ள, காது கேக்காத புள்ளைக்கு இத்தாச்சோடு பெரிய பொட்டி. குருடனுக்குக் கலர் டிவி வாங்கிக் குடுத்த கதையாட்ட இருக்குது."

அவள் நெஞ்சில் எதுவும் இடிக்கவில்லை. வண்டி ஆடுகிறது என்று மட்டும்தான் சொன்னாள். ஆனால் ஒரு பௌர்ணமி அன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் திருச்செங்கோடு மலைக்குப் போகும்போது, காருக்குள் எரியும் மேல் விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த மாரியம்மன் பாட்டில் பம்பை மேளத்தின் அடி விழும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபையர் கரண்டை வாங்கி இழுக்க, விளக்கு ஒரு கணம் மங்கி எரிந்தது.

"ஏனுங்க, இந்த விளக்கு பாடுதுங்க," என்றாள்.

அவள் கை தட்ட ஆரம்பித்தாள். தாளம் அப்படியே பம்பையோடு பொருந்தியது. அது அவள் எத்தனையோ வருடம் பாடிய பாட்டு. நடுவில் பம்பை ஓய்ந்து குரல் மட்டும் போகும் இடத்தில் கையை நிறுத்தினாள். திரும்பப் பம்பை வந்ததும் தட்டினாள், பாடினாள். எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

அதன் பிறகு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போனோம். ஒரே ஒரு குறை. மலைப்பாதையின் செங்குத்தான வளைவில் வண்டி ஊர்ந்து போகும்போது கரண்டு போதாமல் ஆம்ப்ளிஃபையர் தானாக நின்றுவிடும். விளக்கு ஆடாமல் எரியும். பாட்டு நின்றுவிட்டது என்று அவள் கையை மடியில் போட்டுக்கொள்வாள்.

கோயில் வாசல் வரைக்கும் அவள் பாடிக்கொண்டே வர வேண்டும் என்று எனக்கு ஆசை. கீழே ரிக் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் பாயிடம் போனேன்.

"பாறையைத் தொளைக்கற வண்டிக்குக் கரண்டு கேட்டு வருவாங்ணா. பாட்டுக்கு இத்தனை கரண்டு கேக்கற மொத ஆளு நீங்கதான்," என்றார். "பண்டிகைக்கு மைக்செட்டு கட்டற ரோசனைங்களா?"

பெரிய ஆல்டர்னேட்டர், புது பேட்டரி, விரல் தண்டிக்கு ஒயர், வண்டி பாடிக்கு எர்த் ஒயர் என்று எல்லாம் மாற்றினார். "இனி மலை என்னங்ணா, எமலோகம் போனாலும் நிக்காது."

அடுத்த பௌர்ணமிக்கு அந்த வளைவிலும் பாட்டு நிற்காமல் ஓடியது. நான் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் கை மடியில் இருந்தது. கரண்டு தாராளமாக வந்ததால் விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"பாட்டு நின்னு போச்சுங்களா?" என்றாள்.

ஓடுகிறது என்று கையால் காட்டினேன். அவள் முன்னால் விரலால் தாளம் தட்டினேன். கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்தாள். "பரவால்லீங்க. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. நீங்க கேளுங்க," என்றாள்.

விளக்கைப் பழையபடி மங்க வைக்க முடியுமா என்று பாயிடம் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார், விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "பண்ணலாங்ணா, வண்டியக் கொண்டாங்க," என்றார். கொண்டு போவதற்குள் மாரடைப்பு அவளைக் கொண்டு போய்விட்டது.

காரியம் முடிந்ததும் மகன் ஆம்ப்ளிஃபையரையும் பெட்டியையும் கழற்றி எடுத்துவிட்டான். வருடம் திரும்பிய பிறகு ஒரு பௌர்ணமி அன்று நான் மட்டும் மலை ஏறினேன். வண்டிக்குள் பாட்டு கிடையாது. அந்த வளைவு வந்ததும் மேல் விளக்கு மங்கியது. இரண்டு தடவை, கொஞ்சம் இடைவெளி, பிறகு மூன்று தடவை. நடுவில் கொஞ்ச நேரம் ஆடாமல் எரிந்தது. அந்தப் பாட்டில் குரல் மட்டும் போகும் இடம் அது. திரும்பவும் மங்க ஆரம்பித்து கோயில் வாசலில்தான் நின்றது. பக்கத்து சீட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த தடவை பாயைக் கூட்டிப் போனேன். முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். "அது அக்கா எடங்ணா," என்று பின்னால் ஏறிக்கொண்டார். வளைவில் விளக்கு மங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அது அவருக்கே தெரியவில்லை.

கீழே வந்ததும் பானெட்டைத் திறந்து பார்த்தார். "எர்த் போல்ட்டு லூசுங்ணா. ஏத்தத்துல குலுங்கி விளக்கு மங்குது."

"அந்தத் தாளம்?"

பாய் அந்தப் போல்ட்டை மறுபடியும் தொட்டு ஆட்டிப் பார்த்தார். கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, "இப்படியே உட்டா சூடேறும். நெருப்புப் புடிச்சாலும் புடிக்கும். இறுக்கட்டுங்களா?" என்றார்.

பாதி உடம்பு அம்மனாக நிற்கிற சாமியின் மலை அது. அவன் அனுப்பியது ஒரு போல்ட்டை இறுக்கினாலா நின்றுவிடும் என்று நினைத்தேன். "இறுக்குங்க பாய்," என்றேன்.

அதற்குப் பிறகு விளக்கு ஒரு தடவைகூட மங்கவில்லை.

இப்போதும் பௌர்ணமிக்குப் போகிறேன். வளைவு வந்தால் விளக்கைத்தான் பார்க்கிறேன். பாட்டு நின்று போய்விட்டதா என்று கேட்பது இப்போது நான். அன்று நன்றாக ஓடிய பாட்டு அவளுக்குத் தெரியாமல் போன மாதிரி, இன்று எனக்குத்தான் தெரியாமல் போகிறதோ என்னவோ. விரலால் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே ஏறுகிறேன். சாமி மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த ஸ்பேனர் திரும்பிய சத்தம் மட்டும் பூஜை நேரத்தில்கூட காதில் விழுகிறது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். அவள் குரல் கேட்டது என்று சேர்க்காதீர்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை, விளக்கு மங்கியது, அவ்வளவுதான். போல்ட்டு லூசாக இருந்ததை விட்டுவிடாதீர்கள். அதை இறுக்கச் சொன்னது நான்தான் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.