பழனியாண்டி பேசுகிறேன்

வேனை மரநிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சட்டைக் காலரை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்ட பிறகுதான் பழனியாண்டி கைத்தொலைபேசியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார். தேடல் பெட்டியில் உள்ள ஒலிவாங்கிப் படத்தைத் தொடுகிறார். தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

"வணக்கங்க. நான் பாடாங் செராய்ல கிலாங் வேன் ஓட்டற பழனியாண்டி பேசறேன். எங்கூட்டு மாமரம் இந்த வருசம் நல்லாத்தான் பூத்துச்சு. ஆனா பிஞ்செல்லாம் கொட்டுது. பக்கத்து வீட்டு அய்யாவு உப்புப் போடுங்கறாரு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. நீங்க என்னா சொல்றீங்க?"

கூலிம் ஹைடெக் பூங்காவின் கிலாங்குகளில், அதாவது தொழிற்சாலைகளில், வேலை முடித்து வேனில் ஏறும் பெண்களுக்கு இது தினசரி வேடிக்கை. முன் இருக்கையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத சாந்தினி கேட்டாள்: "அண்ணே, மாம்பிஞ்சு கொட்டுது. அவ்வளவுதான்லா சொல்லணும். இதுக்கு எதுக்கு அய்யாவுவ இழுக்கறீங்க?"

"அவரு சொன்னது தெரியாட்டி, அதுவும் உப்பையே போடச் சொல்லும்ல?"

பழனியாண்டி வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அப்படித்தான். மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் முன்னால் போய் நின்றால், எந்த லயத்து வீடு, யார் மகன், முந்தின நாள் என்ன சாப்பிட்டது என்பதெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் வலி எங்கே என்ற பேச்சே வரும். யாரென்று சொல்லாமல் ஒன்றைக் கேட்பது அவருக்குக் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவது போல.

முன்பெல்லாம் இந்த மரியாதையால் ஒரு பலனும் இருந்ததில்லை. மனைவி பிரேமாவதியின் தலைச்சுற்றலுக்கு வழி கேட்டால், பாடாங் செராயில் விற்பனைக்கு இருக்கும் பழைய வேன்கள் வரிசையாக வந்து நிற்கும். பழனியாண்டி ஒருநாளும் திட்டியதில்லை. "பாவம், காது மந்தம்" என்பார். மறுபடி முதலிலிருந்து, கொஞ்சம் சத்தமாக, வணக்கத்தில் தொடங்குவார்.

கொஞ்ச காலமாகத்தான் பதில்கள் கேள்வியைத் தேடி வருகின்றன. சுங்கைப் பட்டாணியில் கணினி படிக்கும் மகள் ஷீலா விளக்கினாள். "முன்ன அது உங்க பேச்சுல இருந்து சொல்லு சொல்லா பொறுக்கும்பா. அந்தச் சொல்லு எந்தப் பக்கத்துல இருக்கோ அதக் காட்டும். இப்ப கோடிக்கணக்கான பேரு எழுதுனத படிச்சுப் படிச்சு, எந்தச் சொல்லு எதோட சேர்ந்து வந்தா என்ன அர்த்தம்னு பழகிக்கிச்சு. நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு பாக்குது."

பழனியாண்டி யோசித்துவிட்டு, "அப்ப எங்க சூப்பர்வைசருக்கு இது தேவலை" என்றார்.

உண்மைதான். தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் கலந்து வந்தாலும் அது தடுமாறுவதில்லை. அவருடைய பெயரையும் வேனையும் அய்யாவுவையும் நாசூக்காக ஒதுக்கி வைத்துவிட்டு, மாமரத்துக்கு மட்டும் பதில் சொல்கிறது. பதிலுக்கு ஒரு வணக்கம் வைப்பதில்லை என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை.

சென்ற மாதம் ஒருநாள், பெட்ரோல் போட எண்ணெய் நிலையத்தில் இறங்கி ஏறி வீட்டுக்கு வந்தவரின் வலது காலில் சிலிப்பர் இல்லை. பிரேமாவதி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரும் கூடச் சிரித்தார். உச்சி வெயிலில் வெறும்பாதத்தைத் தரையில் வைத்து நடந்திருக்கிறோம், சுடவே இல்லையே என்ற நினைப்பு மட்டும் சிரிப்பு நின்ற பிறகும் போகவில்லை. இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். தே ஓ கொசோங் என்று கடைக்காரரிடம் சீனியில்லாத தேநீர் கேட்டுவிட்டு, கூடவே இரண்டு வாழைப்பழப் பலகாரம் எடுத்துக்கொள்கிறவர்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேன் போய்விடும். சொல்லாவிட்டால், பின்னால் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டு வரும் பெண்கள் எல்லாரும் அந்தப் பாதத்தை நம்பித்தான் தூங்குகிறார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை, அதே மரநிழல். காலரை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. வணக்கம் வைக்கவில்லை. பெயர், ஊர், தொழில் எதையும் சொல்லவில்லை.

"தெரிஞ்ச ஆளு ஒருத்தரு. மனோகரன்னு பேரு. நல்ல மனுசன். இனிப்பு நீரு இருக்கு. வலது பாதம் பஞ்சு மேல வெச்ச மாதிரி இருக்காம். பிரேக்க மிதிச்சோமா இல்லையான்னு குனிஞ்சு பாத்தாத்தான் அவருக்குத் தெரியுதாம். அவரு என்னா செய்யலாம்?"

பதிலை எழுத்துக் கூட்டுவது போல நிதானமாகப் படித்தார். சர்க்கரை பாதத்து நரம்புகளை மங்கச் செய்யும் என்றது. பாதத்தைத் தினமும் பார்த்துக்கொள்ளச் சொன்னது. மிதிப்பது தெரியாத நிலையில் மனோகரன் வாகனம் ஓட்டுவது அவருக்கும் உடன் வருபவர்களுக்கும் ஆபத்து, மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை ஓட்ட வேண்டாம் என்றது.

"வண்டி ஓட்டறாருன்னு நான் சொல்லவே இல்லையே" என்றார் காலி இருக்கைகளிடம்.

தாம் பேசியது திரையில் எழுத்தாக இருந்தது. மேலே தள்ளிப் பார்த்தார். வேன் இல்லை, சாலை இல்லை, பாடாங் செராய் இல்லை. பிரேக் என்ற ஒரு சொல்தான் இருந்தது. இத்தனை காலம் முழுக்கதையையும் கொட்டிப் புரியவைக்கப் பாடுபட்ட மனிதர், சொல்லாமல் விட்டதையும் அது கேட்டுவிட்டதே என்று சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு பிரேமாவதியின் தம்பி வசந்தனை அழைத்தார். வசந்தனிடமும் வேன் ஓட்டும் அதே லைசென்ஸ் உண்டு, வீடு கூலிமில்தான்.

பெண்கள் வந்தபோது வசந்தன் ஸ்டீயரிங் முன்னால் இருந்தான். பழனியாண்டி பக்கத்து முன் இருக்கையில் இருந்தார். சாந்தினி முன்கதவைத் திறந்தாள். "அண்ணே, இது என் சீட்டுலா."

பழனியாண்டி காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தொடங்கினார். எண்ணெய் நிலையம், சிலிப்பர், மனோகரன் எதையும் விடவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. "கால் இப்ப சொல்பேச்சு கேக்கலம்மா. நாளைக்கு கிளினிக் போறேன். அவங்க சரின்னு சொல்றவரைக்கும் மச்சான்தான் ஓட்டுவான்" என்று முடித்தார்.

சாந்தினி பின்னால் போய், கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள்.

வேன் கிளம்பியது. பூங்காவை விட்டு வெளியேறும் முச்சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. வசந்தன் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே, இடப்பக்க இருக்கையில் பழனியாண்டியின் வலது கால் நீண்டு, பிரேக் இல்லாத வெறும் தரையை அழுத்தியது. வேன் நின்றது. அவர் மெல்லக் குனிந்து, பாதம் ஊன்றியிருக்கிறதா என்று பார்த்தார்.