ரிஜிஸ்தர் ஆபீஸில் வந்த ஒரு வார்த்தை

ஆண்டவருக்குள் பிரியமானவங்களே, தலைக்கு மேல ஓடு இல்லாம நான் அழுத கதையைச் சொல்றேன். நிஜமாவே ஓடு இல்லைங்க. பாலக்கரையில நாங்க வாடகைக்கு இருந்த வீட்டோட சொந்தக்காரர், இடிச்சுக் கட்டப் போறேன்னு சமையல்கட்டு ஓட்டைப் பிரிக்க ஆரம்பிச்சிட்டார். கீழே நான் குழம்பு வைக்கிறேன், மேலேர்ந்து மண்ணு விழுது. ஐப்பசி மழைக்குள்ள பிள்ளைங்களைக் கூட்டிட்டு எங்கே போறது?

எடமலைப்பட்டி புதூர்ல ராமலிங்கம்னு ஒருத்தர், காலமான அவங்கப்பாவோட பூர்வீக வீட்டை விக்கிறதாச் சொன்னார். எங்களுக்குப் பிடிச்சுப் போச்சு, முன்பணமும் கொடுத்தாச்சு. பத்திரம் எழுதுறவர்தான் தலையில குண்டைத் தூக்கிப் போட்டார். "பொண்ணுக்கும் பங்குன்னு புதுச் சட்டம் வந்திருக்கும்மா. முசிறியில இருக்கிற அவரு அக்காவும் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் கிரயம் முடியும். இல்லேன்னா நாளைக்கு வில்லங்கம்."

"அவ்வளவுதானே, கூட்டிட்டு வாங்க"ன்னேன். ராமலிங்கம் முகம் கறுத்துப் போச்சு. அவரு கல்யாணப் பந்தியில அக்காவுக்குப் பாயசம் ஊத்த மறந்துட்டாங்களாம். அன்னையிலேர்ந்து பேச்சே கிடையாதாம். அட கஷ்டமே, யாருக்கோ ஊத்தாத பாயசத்துக்கு நான் நடுத்தெருவுல நிக்கணுமா!

நானே பஸ் ஏறி முசிறிக்குப் போனேன். அக்கா காமாட்சியம்மா மோர் கொடுத்து மரியாதையாத்தான் பேசினாங்க. "நாலு பேர் முன்னாடி அவன் என்னை அக்கான்னு சொல்லட்டும். அந்த நிமிஷமே கையெழுத்துப் போடுறேன்"னாங்க. இங்கே வந்து சொன்னா, "வீடு விக்காட்டியும் பரவாயில்லை, அது என் வாயில வராது"ங்கிறார் இவரு.

அன்னைக்கு முழங்கால் போட்டேன். "ஏசப்பா, அந்த மனுஷன் வாயைத் திறந்துவிடும்"னு அழுதேன். மறுநாள் காலையில ராமலிங்கம் எங்க வாசல்ல வந்து நின்னு, முசிறிக்கு ஏன் போனேன்னு தெருவே கேக்க என்னைத் திட்டித் தீர்த்தார். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "வாயைத் திறக்கணும்னு மொட்டையாக் கேட்டா இப்படித்தான். என்ன வார்த்தைன்னும் சேர்த்துச் சொல்லு"ன்னார். எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனாலும் அப்படியே ஜெபிச்சேன்.

கிரயத்தன்னைக்கு ரெண்டு பேரும் ரிஜிஸ்தர் ஆபீஸ் வந்துட்டாங்க. தம்பி இறங்கி வருவான்னு அக்கா வந்தாங்க, அக்கா மனசு மாறும்னு தம்பி வந்தார். பெஞ்சுல அந்தக் கோடியில அவரு, இந்தக் கோடியில அவங்க, நடுவுல நான். "விசிறி வேணுமான்னு கேளுங்க"ம்பார் அவரு. "வேண்டாம்னு சொல்லுங்க"ம்பாங்க அவங்க. எனக்குக் கழுத்தே வலிச்சுப் போச்சு.

ரிஜிஸ்திரார் பத்திரத்தைப் புரட்டிட்டு ராமலிங்கத்தைப் பார்த்தார். "இந்த அம்மா உங்களுக்கு யாரு?"

"பத்திரத்துல இருக்குங்க."

"அது எனக்குத் தெரியும். உங்க வாயால சொல்லுங்க."

அவரு தரையைப் பார்த்தார். "ஏசப்பா, இப்போ, இப்போ"ன்னு நான் முந்தானையைக் கசக்குறேன்.

"அக்கா"ன்னு முனகினார்.

"காதுல விழலையே!"

"அக்காங்க! என் கூடப் பிறந்த அக்கா!"

ஆபீஸே திரும்பிப் பார்த்துச்சு. காமாட்சியம்மா பொலபொலன்னு அழுதுகிட்டே கையெழுத்துப் போட்டாங்க. அவங்களைவிட நான்தான் அதிகமா அழுதேன்.

மழைக்கு முன்னாடியே புது வீட்டுக்குப் போயிட்டோம். ஜெபம் வச்ச அன்னைக்கு அவங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பாயசம் வச்சேன். ராமலிங்கம் என் கையிலேர்ந்து கரண்டியைப் பிடுங்கிக்கிட்டுப் போய் அக்கா இலைக்கு முன்னாடி குனிஞ்சார்.

"போதுமாக்கா?"

"இன்னும் ஊத்துடா."

பிரியமானவங்களே, நான் கேட்டது ஒரு கூரைதான். ஆண்டவர் ஒரு அக்காவுக்குத் தம்பியையும் சேர்த்துக் கொடுத்தார். வாயைத் திறக்காத மனுஷங்க உங்க வீட்லயும் இருப்பாங்க. நம்பிக் கேளுங்க. என்ன வார்த்தை வேணும்னும் மறக்காமச் சொல்லிடுங்க.