கெல்லரில் இருந்த மரவாள்

சின்ன வயதில் எனக்குப் பயமில்லாத சாமான் என்று ஒன்றும் இருக்கவில்லை. ட்ராம் கதவுக்குப் பயம். பள்ளிக்கூடத்துத் தீ மணிக்குப் பயம். பக்கத்து வீட்டு நாய்க்குப் பயம். நாயைக் காணாவிட்டால் அது எங்கே போயிருக்கும் என்று யோசித்து அதைவிடப் பயம். ஒரு வேலையைத் தந்தால், தொடங்குவதற்கு முன்பே அது எப்படியெல்லாம் பிழையாகிப்போகும் என்று நினைத்து முடித்துவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டதும் இந்தப் புத்தியால்தான். சோதனை மண்டபத்தின் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தவள். ஆனால் ஒரு சோதனைக்கு மட்டும் நேரே உள்ளே போனேன். அது வாள் சோதனை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். பிள்ளையை ஏதாவது விளையாட்டில் சேருங்கள் என்று வகுப்பு ஆசிரியை அப்பாவிடம் சொல்லிவிட்டார். உதைபந்தில் பந்து முகத்துக்கு வரும். நீச்சலில் தண்ணீர். யூடோவுக்கு அம்மா விடவில்லை. கண்ட பெடியளோடு கட்டிப் புரளவோ என்றாள். கடைசியில் மிஞ்சியது வியாழக்கிழமைகளில் பள்ளி விளையாட்டு மண்டபத்தில் நடந்த ஜப்பானிய வாள் வகுப்பு.

இந்தப் பயந்தாங்கொள்ளியா வாள் பிடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் முதல் நாளே எனக்கு அது பிடித்துப்போனது. பயிற்சி தந்தவர் நகரப் பேருந்து ஓட்டுகிற பெரிய பெண்மணி. அவர் மரவாளைத் தலைக்குமேல் ஓங்கி, எதிரே நின்ற பையனின் உச்சந்தலையை நோக்கி இறக்கினார். நான் கண்ணை மூடிவிட்டேன். சத்தம் ஒன்றும் இல்லை. திறந்து பார்த்தால், வாள் அவன் தலைமுடிக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. படக்கூடாது, பட்டால் நீதான் தோற்றவள், நிறுத்துவதுதான் வித்தை என்று சொன்னார். என்னைப் போன்ற ஒருத்திக்காகவே யாரோ இருந்து யோசித்துச் செய்த விளையாட்டுப்போல இருந்தது.

தொடங்குமுன் வாளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெடிப்பு இருக்கிறதா, சிராம்பு எழும்பியிருக்கிறதா என்று. வாளோடு வாள் மோதும்போது ஒரு சிராம்பு தெறித்தால் எதிரே நிற்பவரின் கண் போய்விடும். மற்றப் பிள்ளைகள் ஒருதரம் தடவிவிட்டு எழும்பிவிடுவார்கள். நான் தடவிக்கொண்டே இருப்பேன். இவளைப் பாருங்கள், இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று பேருந்து அம்மா சொன்னார். என் பயத்தை ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல்தடவை.

வகுப்பில் எனக்கென்று ஒரு மரவாள் தந்தார்கள். செம்மண் நிறம், இலேசான வளைவு, கூர் இல்லாத விளிம்பு. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தபோது, ரொட்டிக்குக் குழைத்த மாக்கையோடு அம்மா கதவைத் திறந்தாள்.

“என்ன உது?”

“வாள் அம்மா. மரம்தான். பழகுறதுக்கு.”

அம்மா வாசலை விட்டு விலகவில்லை. “உது உள்ளுக்கு வரக்கூடாது. அப்பாட்டக் குடு, கெல்லரில வைக்கட்டும்.”

“விளையாட்டுச் சாமான்தானே, இஞ்சேர்” என்றார் அப்பா, எனக்குப் பின்னால் நின்றுகொண்டு.

“எல்லாம் பழகுறது எண்டு சொல்லித்தான் தொடங்குறது.”

வகுப்புக்குப் போகாதே என்று அவள் சொல்லவில்லை. வாள் மட்டும் வாசற்படி தாண்டக்கூடாது. ஆகவே அது கெல்லரில், எங்கள் கட்டடத்தின் நிலவறையில், பனிக்காலத்துக் கார் டயர்களுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் குடியிருந்தது. நான் உலகத்திலேயே அதிகம் பயந்த இடமும் அதுதான். கொஞ்ச நேரத்தில் விளக்குத் தானாக அணைந்துவிடும். வியாழன்தோறும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்து, வந்தபின் ஓடிப்போய் வைப்பேன்.

வாள் பயிற்சியில் அடுத்த நிலைக்கு ஏறுவதற்கான சோதனை ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முதல்நாள் சனிக்கிழமை எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை. ஜெர்மனியில் சாமிகளும் சனி, ஞாயிறு பார்த்துத்தான் வருவார்கள். அம்மா படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் அடுக்கினாள். என் புத்தகங்கள், அப்பாவின் பாரந்தூக்கி வண்டி ஓட்டும் அனுமதி அட்டை, அவளுடைய தையல் கத்தரிக்கோல். கட்டட வேலை செய்யும் மாமா, அம்மாவின் தம்பி, தன் துளைபோடும் மெஷினையே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். காலையில்தான் எடுக்கலாம்.

எனக்கு உடனே யோசனை ஓடத் தொடங்கியது. எல்லாச் சாமானும் சாமியிடம் இருக்கிறது. நாளைக்குச் சோதனைக்குப் போகிற வாள் மட்டும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இப்படிப் போனால் கை நடுங்கும். நடுங்கினால் வாள் நிற்காது. நிற்காவிட்டால் எனக்கு எதிரே நிற்கப்போகிற சிவத்த முடிக்காரப் பையனின் மண்டை.

“அம்மா, என்ர வாளையும் வைக்கவேணும்.”

“ஏலாது.”

“சரஸ்வதியிட்ட டெர்மின் எடுத்தனியோ?” என்று, டாக்டரிடம் நேரம் எடுப்பதைப்போல மாமா கேட்டுச் சிரித்தார். “இல்லையெண்டா உள்ளுக்கு விடாயினம்.”

“கத்தரிக்கோல் வெட்டும். உங்கட மெஷின் சுவரையே துளைக்கும். என்ர வாள் ஒண்டும் செய்யாது. அதை மட்டும் ஏன் வைக்க ஏலாது?”

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் மாமா, இதற்கு மட்டும் குனிந்துகொண்டார். மெஷினின் வயரைச் சுற்றத் தொடங்கினார். ஏற்கெனவே ஒழுங்காகச் சுற்றியிருந்த வயர்.

“ஆயுதம் வேண்டாமெண்டா வேண்டாம்” என்று அம்மா திரும்பிக்கொண்டாள்.

“அப்ப நானும் கெல்லரில இருக்கிறன்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். படி இறங்கி முடிவதற்குள்ளேயே ஏன் சொன்னோம் என்றிருந்தது. ஆனாலும் போனேன். டயருக்கு மேல் ஏறி, வாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விளக்கு அணையும், இருட்டில் சுவரைத் தடவிப்போய் விளக்கின் ஆழியை அமத்தி எரியவிடுவேன், திரும்ப உட்காருவேன், திரும்ப அணையும். மேலே மணி அடித்துக் கேட்டது. கற்பூர மணமும் அவலின் மணமும் படிவழியாக இறங்கி வந்தன. நான் எழும்பவில்லை. வாள் மேலே போகாமல் நானும் போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அப்பா வந்து கூப்பிட்டார். பிறகு மாமா மோதகத்தைக் காட்டிக் கூப்பிட்டார். கடைசியில் அம்மா வந்தாள். நான் பயந்து எழும்பியபோது வாளின் முனை அவள் பக்கம் திரும்பிவிட்டது. அம்மா ஒரு விரலால் அதை நிலத்தை நோக்கித் தாழ்த்தினாள்.

“பழகுற சாமான் எண்டாலும் ஆளைப் பார்த்து நீட்டப்படாது.”

பேருந்து அம்மா சொல்லித் தந்ததும் இதைத்தான். என் அம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அம்மாக்களுக்கு எல்லாம் தெரியும் என்றிருந்தேன்.

அவள் அரிசி மூட்டையில் உட்கார்ந்தாள். வாளைப் பார்க்காமல் கேட்டாள்.

“உதைப் பழகி முடிய, உண்மையான வாள் தருவினமோ?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையான வாள் தருகிற வகுப்பாக இருந்தால் அம்மா மதித்திருப்பாள் என்று நினைத்தேன். பொய் சொல்லலாமா என்றும் ஒரு கணம் யோசித்தேன். பொய் சொன்னால் சரஸ்வதி இருக்கிறாள்.

“இல்லை. எங்களுக்கு மரம்தான்.”

“பெரியாக்களுக்கும்?”

“அவைக்கும்தான். கடைசிவரைக்கும் மரம்தான்.”

“இன்னொருக்காச் சொல்லு.”

என்னை நக்கலடிக்கிறாள் என்று நினைத்தேன். “கடைசிவரைக்கும் மரம்தான் அம்மா!” என்று அழுகையோடு கத்தினேன்.

விளக்கு அணைந்தது. அம்மா ஆழியைத் தேடவில்லை. இருட்டிலேயே என் கையிலிருந்து வாளை வாங்கிக்கொண்டாள்.

மேலே போய், பட்டுத் துணியொன்றை விரித்து, வாளைப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் கிடத்தி, நுனியிலிருந்து பிடிவரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மற்றச் சாமான்களுக்கு ஒரு பொட்டு. இதற்கு வரிசையாகப் பொட்டுகள்.

மறுநாள் எல்லோருமாகப் போனோம். சாமிக்கு வைத்ததை எப்படி அழிப்பது என்று நான் வாளைத் துடைக்கவில்லை. சிராம்புகூடப் பொட்டுகளுக்கு நடுவில்தான் தேடினேன். முதலாவது மோதலில் குங்குமம் பறந்து சிவத்த முடிக்காரனின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அவன் குனிந்து பார்த்தான். அவன் முகமும் சட்டை நிறத்துக்கு மாறியது. தேர்வாளர் நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடிவந்தார். எனக்கு ஜெர்மன், தமிழ் இரண்டுமே மறந்துபோயின.

பார்வையாளர் வாங்கிலிருந்து அம்மா எழும்பினாள். பெற்றோர் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவள்.

“இரத்தம் இல்லை!” என்று தன்னுடைய ஜெர்மனில் கத்தினாள். “கடவுள்! கடவுள் மட்டும்தான்!”

மண்டபம் சிரித்தது. தேர்வாளர் சட்டையைத் தொட்டு, மணந்து பார்த்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து செய்யச் சொன்னார். செய்தேன். ஓங்கினேன், இறக்கினேன். அவன் தலைமுடிக்கு ஒரு சாண் மேலே வாள் நின்றது. என் கை நடுங்கவில்லை.

“என்ன, ஆளை வெட்டிப்போட்டாளாம்?” என்று பிறகு ஊரெல்லாம் தொலைபேசியில் கேட்டது. எல்லோருக்கும் அம்மா ஒரே பதிலைச் சொன்னாள். “படேல்லை. ஒரு சாண் தள்ளி நிப்பாட்டினவள்.” சோதனையில் தேறியதை அவள் கடைசியில்தான் சொன்னாள், சில பேருக்குச் சொல்லவே இல்லை. வாள் அதற்குப் பிறகு கெல்லருக்குப் போகவில்லை. கெல்லரில் இருந்து நான் பிடித்த பிடிவாதம்தான் வென்றது என்று கனகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருடம் நான் தனி வீட்டுக்கு மாறியபோது, வாளை மாட்ட மாமாதான் சுவரில் துளை போட வந்தார். மெஷினை நிறுத்திவிட்டு, தூசியை ஊதிக்கொண்டே சொன்னார். ஊரில், சண்டைக் காலத்தில், அம்மாவின் பள்ளிக்கூட மைதானத்தில் இயக்கத்தினர் பிள்ளைகளை வரிசையாக நிற்பாட்டி, கைகளில் மரத்துவக்குகளைக் கொடுத்தார்களாம். பழகுவதற்கு. பழகி முடித்தவர்களுக்கு உண்மையானதைக் கொடுத்தார்களாம். அம்மா பழகி முடிப்பதற்குள் வீட்டார் அவளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். அவளோடு வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவள் பழகி முடித்தாளாம்.

மாமா சுவரின் பக்கம் திரும்பினார். ஆணியை இறுக்கிவிட்டு, சுற்றியிருந்த வயரைத் திரும்பச் சுற்றினார்.

அம்மா இன்னொருக்காச் சொல்லச் சொன்னபோது, நக்கலடிக்கிறாள் என்று நினைத்துத்தான் அன்றைக்கு அவ்வளவு கோபமாகக் கத்தினேன்.