பூஜை மணி அடித்த கிளி

தொண்ணூறுகளில் நாங்கள் ரெம்பியாவில் இருந்தோம். ஊர் மாறிப்போன நண்பர் ஒருவர் தம் சாம்பல் நிறக் கிளியை அப்பாவிடம் விட்டுப்போனார். அதை "முருகா" சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அப்பா கூண்டைச் சாமி மேடைக்குப் பக்கத்திலேயே வைத்தார். தினமும் கூண்டைத் துடைத்து, தண்ணீர் மாற்றி, ஒரு சூரியகாந்தி விதையை நீட்டி "முருகா" என்பார். அது அவரை ஏற இறங்கப் பார்க்கும். ஒரு மாதம் கழித்து வாயைத் திறந்தது. வந்தது பூஜை மணியின் ஓசை.

எங்கள் வீட்டில் சாமி கும்பிட்டு மணி அடித்த பிறகுதான் அம்மா தோசை ஊற்றுவார். காலையில் சுங்கை ஊடாங்குக்கு வேலைக்கு ஓடும் அப்பாவுக்கு இது வசதியாகப் போயிற்று. பேப்பரோடு உட்கார்ந்தபடியே விதையை நீட்டுவார், கிளி மணியடிக்கும், அடுப்படியில் தோசைக்கல் சொய்யென்னும். அவருடைய பக்தியைப் பற்றி அம்மா பக்கத்து வீட்டில் பெருமையடித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் மணி கேட்டதும் திருநீறு பூசிக்கொள்ள அம்மாவே வந்துவிட்டார். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அம்மா அடுப்படிக்குப் போய் முதல் தோசையைச் சுட்டு வந்து, பிய்த்துக் கூண்டுக்குள் வைத்தார்.

"அப்ப எனக்கு?" என்றார் அப்பா.

"மணி அடிச்சவங்களுக்குத்தான் தோசை லா. நீங்க முருகான்னு சொல்லுங்க, விதை தரேன்."